மேகம் என்று எழுதிய நாள்

அலுவலகத்தில் அவருக்கு எமன் என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வருடத்தில் முப்பத்தோரு கோள்களைக் கொன்றவர். கொன்றார் என்றால் கத்தி எடுத்து இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது கோள் இல்ல" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார். அத்தோடு தீர்ந்தது. கண்டுபிடித்தவன் இரண்டு நாளைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டான்.

அந்த ஆய்வுக்கூடத்தின் வேலையே சிவப்புக் குள்ளன்களைப் பார்ப்பதுதான். சூடு குறைந்த, சின்னஞ்சிறு சிவப்பு விண்மீன்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு குள்ளனுக்கு முன்னால் கோள் ஒன்று குறுக்கே போனால் அதன் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு மங்கும், ஒரு மணி நேரத்தில் பழையபடி திரும்பும். அந்த மங்கல் கணக்காக இத்தனை நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால் அங்கே கோள் இருக்கிறது என்று அர்த்தம். குள்ளனிடம் சூடு கம்மி என்பதால் கோள் அதன் மடியில் உட்கார்ந்த மாதிரி அருகில் சுற்றினாலும் தண்ணீர் கொதித்து ஆவியாகாது. அங்கே வருடம் என்பதே பத்துப் பதினைந்து நாள்தான். மாதம் இரண்டு பிறந்தநாள் வரும், யார் கேக் வெட்டி மாளுவது.

ஆனால் குள்ளன்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேலெல்லாம் கரும்புள்ளி, திடீர் திடீரென்று நெருப்பைக் கக்கும் கோபம் வேறு. பத்து மங்கலில் ஒன்பது பொய்யாக இருக்கும். அதனால் அங்கே ஒரு விதி உண்டு. யார் கோள் கண்டுபிடித்தாலும் அது முதலில் எமனிடம் போக வேண்டும். எந்த விண்மீன், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு மங்கல் என்று ஒரே ஒரு தாள்தான் தரலாம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அதைப் பற்றி எமனிடம் மூச்சு விடக் கூடாது, வேறு காகிதம் எதையும் நீட்டக் கூடாது. தோண்டுவது துருவுவது எல்லாம் எமன் பாடு. அவர் கையிலிருந்து உயிரோடு வந்தால்தான் அது கோள்.

ஒன்றை மட்டும் யாரும் அவர் காதுபடச் சொல்லமாட்டார்கள். அவர் பெயரில் ஒரு கோள்கூட இல்லை. தானும் நான்கு கண்டுபிடித்தார், நான்கையும் தானே கொன்றார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் அந்தத் திங்கட்கிழமை வந்து சேர்ந்த தாளில் கீழே கையெழுத்துப் போட்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன்.

சகலை முன்பு வானிலை அலுவலகத்தில் இருந்தவன். மழை வருமா வராதா என்று சொல்கிற வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் மாமனார்தான் எமனைப் பிடித்துக்கொண்டார். "சின்ன மாப்பிள்ளைக்கும் உங்க இடத்துலயே ஒரு வழி பண்ணுங்களேன். ரெண்டு பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருப்பீங்க." எமனும் மெனக்கெட்டு நாலு பேரிடம் சொல்லி உள்ளே கொண்டு வந்து விட்டார். மேகம் பார்க்கிறவனுக்கு விண்மீனைப் பற்றி என்ன தெரியப் போகிறது, ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்ற நினைப்புதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை அது.

தாளில் இருந்தது இவ்வளவுதான். ஒரு குள்ளன். பதிமூன்று நாளும் இருபது நிமிடமும் ஆனதும் ஒரு மங்கல். குள்ளன் இரவில் தெரிகிற பருவம் இரண்டில் ஆறு முறை பார்த்தாயிற்று. அந்தத் தூரத்தில், அந்தக் குள்ளனின் சூட்டில், தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். பூமியைவிடக் கொஞ்சம் பெரிய கோள்.

எமன் தாளை மேசையில் வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார். அந்தக் குள்ளனை எங்கேயோ பார்த்த ஞாபகம். மூன்று வருடம். மூன்றே வருடத்தில். பதினெட்டு வருடமாக இங்கே உட்கார்ந்து கண் பூத்துப் போனவனுக்குக் கிடைக்காதது நேற்று வந்தவனுக்கு வாசல் தேடி வந்திருக்கிறது. சொல்லுங்கள், யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பாடு. சகலை விதியை மீறி எமனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் மனைவி அப்பாவிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். போதாதா? மாமனார் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்து ஆரம்பித்துவிட்டார்.

"எங்க சின்ன மாப்பிள்ளை ஒரு உலகத்தையே கண்டுபிடிச்சிருக்காரு. தண்ணி இருக்கிற உலகம்."

"தண்ணி இருக்கலாம் மாமா, அவ்வளவுதான். இருக்குன்னு சொல்ல முடியாது," என்றான் சகலை. அடக்கம் வேறு.

"பெரிய மாப்பிள்ளையும் அதே ஆபீஸ்தான?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஆமா ஆமா. சின்னவரு எழுதினதுல தப்பு இருக்கான்னு பாக்குறது இவரு வேலை."

எமன் தண்ணீர் குடித்தார். பள்ளிக்கூடத்தில் நோட்டுத் திருத்துகிறவன் மாதிரி ஆக்கிவிட்டார் மனுஷன். எதிரில் சகலையின் தட்டில் மாமியார் கேட்காமலே இரண்டாவது முறை பரிமாறிக்கொண்டிருந்தார். எமன் தட்டு காலியாக இருந்தது. அவருக்குப் பசியும் இல்லை, ஆனால் கேட்டிருக்கலாம் இல்லையா.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி, திரும்பி வரும்போது.

"முகம் எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருக்கு."

"அவருக்குக் கிடைச்சா நமக்குக் கிடைச்ச மாதிரிதான. நீங்க சேத்து விட்ட ஆளு."

எமன் காரை ஓட்டினார். அவள் சொன்னது சரிதான், அதுதான் இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை முதல் அவர் கொலை வேலையில் இறங்கினார். இந்த முறை வேலை வேலையாக இல்லை. முதலில் கரும்புள்ளியைப் பிடித்தார். குள்ளன் சுழலும்போது புள்ளி வந்து வந்து போனால் மங்கல் மாதிரியே தெரியும். ஆனால் இந்தக் குள்ளன் ஒரு சுற்றுச் சுற்ற நாற்பது நாள் எடுத்துக்கொண்டது, பதிமூன்றோடு ஒட்டவே இல்லை. பிறகு பின்னால் வேறு இரட்டை விண்மீன் ஒளிந்திருக்கிறதா என்று பழைய படங்களைப் புரட்டினார். துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. கேமராவில் கோளாறா என்று பார்த்தார். இல்லை. ஒவ்வொரு சோதனையிலும் கோள் தப்பித்தது. சாதாரணமாக ஒரு கோள் தப்பிக்கத் தப்பிக்க அவருக்கே உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் மத்தியானம், தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, மூளையில் பொறி தட்டியது.

பதிமூன்று நாள். அதில் பாதி ஆறரை. உண்மையில் ஆறரை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது என்று வையுங்கள். இன்று இரவு பத்து மணிக்கு ஒரு மங்கல் வந்தால் அடுத்தது ஆறரை நாள் கழித்து, அதாவது காலை பத்து மணிக்கு வரும். பகலில் எந்தத் தொலைநோக்கி விண்மீனைப் பார்க்கும்? அதற்கடுத்தது மறுபடி இரவில். ஒன்று விட்டு ஒன்று வெயிலில் தொலைந்துவிடும். மலை மேல் இருப்பது ஒரே தொலைநோக்கி, அதற்கு ஆறரையும் பதிமூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். ஆறரை நாளில் சுற்றுகிற கோள் என்றால் குள்ளனுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது, இரண்டரை மடங்கு சூடு. தண்ணீராவது ஒன்றாவது. வறுத்த கல்.

எமன் எழுந்து ஜன்னல் வரை நடந்தார். கையைத் தேய்த்துக்கொண்டார். ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த பசி திரும்பி வந்தது.

ஆனால் 'இருக்கலாம்' என்பது போதாது. எமன் 'இருக்கலாம்' என்று எழுதிப் பழக்கமில்லாதவர். நடுவில் வரும் மங்கலை யாராவது எப்போதாவது இரவில் பார்த்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். அங்கேதான் அந்த இருபது நிமிடம் கைகொடுத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இருபது நிமிடம் தள்ளிப் போனால் வருடக் கணக்கில் அது நாள் கணக்காகிவிடும். எட்டு வருடத்துக்கு முன்னால் போனால், நடுவில் வருகிற மங்கல் சில நாட்கள் விடிவதற்கு முன்னால் இருட்டிலேயே விழுந்திருக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் குள்ளனை யார் பார்த்தது?

பதிவேட்டு அலமாரியைத் திறந்தார். அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்தார். எடுக்கும்போதே கை அடையாளம் கண்டுகொண்டது. அட்டையில் அவர் கையெழுத்து.

பார்த்தது அவரேதான். ஒரு பருவம் முழுக்க இந்தக் குள்ளனைத் தொடர்ந்திருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று மூடி வைத்துவிட்டார்.

பருவத்தின் ஆரம்பத்தில் ஓர் இரவு, விடிவதற்கு முன், சரியாக நடு மங்கல் வர வேண்டிய நேரத்தில் தொலைநோக்கி அந்தக் குள்ளனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரவின் வெளிச்சத்தைக் கணினியில் எடுத்துப் போட்டார். கோடு நேராக வந்தது. அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. மங்கலே இல்லை.

ஆக, ஆறரை இல்லை. பதிமூன்றுதான். சகலையின் கோள் வறுத்த கல் இல்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம் விடுமா? சகலை சொன்ன பதிமூன்று நாள் கணக்குப்படி அதே பருவத்தில் மங்கல் எப்போது வர வேண்டும் என்று பின்னோக்கி எண்ணினார். பருவத்தின் கடைசியில் ஒரு தேதி வந்து நின்றது. முன்னிரவு. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். அவர் கையெழுத்தில் ஒரே வார்த்தை. 'மேகம்.'

படங்களை எடுத்துப் போட்டார். குள்ளன் ஏழரை மணிக்கு மங்கி எட்டரைக்குத் தெளிந்திருந்தது. நூற்றில் ஒரு பங்கு. மேகம் குறுக்கே வந்தால் படத்தில் இருக்கிற எல்லா விண்மீனும் மங்க வேண்டும். சுற்றியிருந்த முப்பது விண்மீனும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தன. மங்கியது குள்ளன் ஒன்று மட்டும்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் அவர் சொல்லிக் கொடுக்கிற பாடமே அதுதான், பக்கத்து விண்மீனைப் பார் என்பதுதான்.

தேதியை மறுபடி பார்த்தார். அது சகலையின் கல்யாண நாள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. ஊருக்குள் திறந்த புல்வெளியில் மாலை வரவேற்பு. எமனின் கல்யாணம் ஒரு சின்னக் கூடத்தில் அரை மணியில் முடிந்தது, சின்ன மாப்பிள்ளைக்கோ மாமனார் விளக்கு விளக்காகக் கட்டியிருந்தார். "பெரிய மாப்பிள்ளை, கொஞ்சம் வாசல்ல நின்னு வண்டிங்களுக்கு இடம் காட்டுங்களேன்" என்று அவரைக் கொண்டுபோய்க் காரோட்டிகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். இரவெல்லாம் தொலைநோக்கி தன்பாட்டில் மலை மேல் வேலை செய்தது. மறுநாள் காலை, கல்யாண வீட்டு மாடியில், கடுப்போடு மடிக்கணினியைத் திறந்தார். கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. கீழே எல்லோரும் சகலையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து விண்மீனைப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. மேகம் என்று எழுதி மூடினார்.

அந்தக் கோள் அவருடையது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கையில் வந்து உட்கார்ந்தது, அவர் உதறிவிட்டார்.

எமன் பதிவேட்டை மூடி அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தார். எட்டு வருடத்துப் பழைய பதிவேட்டை யார் வந்து புரட்டப் போகிறார்கள்? பொய் எதுவும் எழுத வேண்டியதில்லை. இரண்டு இரவுகளைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும். அடுத்த மாதம் குள்ளன் சூரியன் பக்கம் போய்விடும், ஐந்து மாதத்துக்குக் கண்ணில் படாது. பெரிய விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்கிற விண்ணப்பத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை கடைசி. எமன் கையெழுத்து இல்லாத கோள் அதில் போக முடியாது. ஒரு வருடம் தள்ளிப் போகும். அதற்குள் வேறு யாராவது கண்டுபிடித்துக் கொண்டு போகட்டும். முகம் தெரியாத எவனோ ஒருவன் கொண்டு போனால் எமன் அன்றிரவு நன்றாகத் தூங்குவார். இவன் கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

புதன்கிழமை கூட்டம். எட்டுப் பேர், தலைமை நாற்காலியில் மேடம். எமன் இரண்டு பக்கத்தைப் படித்தார். ஆறரை நாள் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று. ஒவ்வொரு வரியும் உண்மை. "பாதிக் காலம் என்பதை மறுக்க வழியில்லை. இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம்" என்று முடித்தார்.

"நீ ஏதாவது கேக்கணுமா?" என்றார் மேடம், சகலையைப் பார்த்து.

சகலை எழுந்தான். கொஞ்ச நேரம் எமன் முகத்தையே பார்த்தான். "ஒண்ணே ஒண்ணுதான். பழைய பதிவெல்லாம் பாத்துட்டீங்களா அண்ணா?"

"பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

சகலை இன்னும் ஒரு நொடி நின்றான். பிறகு, "சரி அண்ணா. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். சண்டை போட்டிருக்கலாம், குறைந்தபட்சம் முகத்தையாவது தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டே எமன் வீட்டுக்கு வந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "கூட்டம் முடிஞ்சதா?"

"முடிஞ்சது."

"அப்பாடா. ரெண்டு வாரமா வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத் தவிச்சேன்." உள்ளே ஓடினாள். துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவிலிருந்து பெரிய காக்கி உறை ஒன்றை எடுத்து வந்தாள். "தங்கச்சி வீட்டுக்காரர் குடுத்தாரு. 'கூட்டம் முடியிற வரைக்கும் அண்ணா கண்ணுல காட்டிடாதீங்க அண்ணி, எங்க விதி அப்படி'ன்னு சொன்னாரு. நான் பிரிச்சுப் பாத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பேர்தாங்க முதல்ல இருக்கு."

எமன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உறையைப் பிரித்தார்.

கட்டுரை. ஆறு பக்கம். கோளைக் கண்டுபிடித்த அறிவிப்பு. தலைப்புக்குக் கீழே முதலில் எமனின் முழுப் பெயர், அதற்குக் கீழே சகலையின் பெயர். மூன்றாம் பக்கத்தில் ஏழு மங்கல்கள் வரிசையாக. முதல் மங்கல் எட்டு வருடத்துக்கு முந்தையது, 'முதலில் பதிவானது' என்று குறிப்பு. அதன் பக்கத்தில் நேர்கோடாக ஓர் இரவு, 'பாதிக் காலம் இல்லை என்பதற்குச் சான்று.' இரண்டு இரவும் அவருடையவை.

உள்ளேயிருந்து ஒரு புகைப்படம் கீழே விழுந்தது. கல்யாண வரவேற்புப் படம். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். அவர்களுக்கு மேலே அகன்ற மாலை வானம், ஒரு பொட்டு மேகம் இல்லை. படத்தின் ஓரத்தில், வாசல் பக்கம், ஒரு மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தோடு ஒரு சின்னக் கடிதம் இருந்தது.

'அண்ணா, இங்க சேந்த புதுசுல பழைய பதிவேடெல்லாம் புரட்டிக்கிட்டு இருந்தேன். எங்க கல்யாணத் தேதியப் பாத்ததும் சும்மா நின்னேன். மேகம்னு இருந்துச்சு. மேகம் பாத்துப் பொழச்சவன் நான், என் கல்யாணத்தன்னைக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதுலதான் ஆரம்பிச்சேன். அந்த ரெண்டு ராத்திரியையும் நீங்க தோண்டி எடுத்துடுவீங்க, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதான் முன்னாடியே எழுதி வச்சுட்டேன். மேகம்னு எழுதினத யார்கிட்டயும் சொல்லல. எங்க கல்யாணத்துக்காக வேலையப் போட்டுட்டு ஓடி வந்தீங்க, அதனாலதான அப்படி ஆச்சு.'

"என்னங்க இது, சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறீங்க," என்றாள் மனைவி. "அப்பாகிட்ட போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

எமன் உட்கார்ந்தார். மறைக்கத் தெம்பு இல்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னார். வயிறு எரிந்ததிலிருந்து, ஒன்றும் இல்லை என்று கூட்டத்தில் சொன்னது வரை. முடிந்ததும் அவள் புகைப்படத்தைக் குனிந்து எடுத்து, மேசையில் அவர் முகம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே எமன் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினார். கையில் பதிவேடு. சகலையையும் கூப்பிடச் சொன்னார்.

"நேத்து நான் குடுத்தது முழுசு இல்ல மேடம். இந்த ரெண்டு ராத்திரியும் எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டுட்டேன்."

மேடம் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். 'மேகம்' என்ற வார்த்தையை விரலால் தொட்டார். "ஏன்?" என்றார்.

"பொறாமை," என்றார் எமன். வேறு எப்படிச் சொல்வது.

சகலை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எமன் அவன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும். கூட்டத்துலயே ஏன் போட்டு உடைக்கல?"

"கேட்டேன் இல்லையா அண்ணா. நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"இன்னிக்கும் நான் வரலன்னா?"

"தெரியல. அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் தோணுது. ராத்திரி பூரா அதத்தான் யோசிச்சேன். உங்களப் போய் எப்படி அண்ணா."

இவனிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்து தொலைக்கக் கூடாதா என்று எமனுக்கு இருந்தது. அந்த நேரத்திலும், மேடத்துக்கு எதிரில் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும்போதும், அதற்கும் எரிந்தது.

இனிமேல் எந்தக் கோளும் எமனிடம் வராது என்றார் மேடம். சகலை, "அண்ணா பேரு கட்டுரையில இருக்கட்டும் மேடம், முதல்ல பாத்தது அவருதான்" என்று கெஞ்சினான். எமனே மேசையிலிருந்து பேனாவை எடுத்து, கட்டுரையின் முதல் பக்கத்தில் தன் பெயரை ஒரே கோடாக அடித்தார். "பாத்தது கேமரா. நான் பாக்கல," என்றார்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போனது. நான்கு மாதத்தில் கோள் உலகம் முழுக்கச் செய்தியாகிவிட்டது. மாமனார் பத்திரிகையை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எமன் அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். சகலை இப்போதும் அவர் உட்காரும் முன் சாப்பிட உட்காருவதில்லை. எமன் என்று இப்போது அலுவலகத்தில் யாரும் கூப்பிடுவதில்லை, அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

சகலைமேல் இருந்த எரிச்சல் அடங்கிவிட்டதா என்று கேட்டால், பாதி அடங்கிவிட்டது. மீதி வேறு ஓர் ஆள்மேல் திரும்பிவிட்டது. கட்டுரையின் அந்த முதல் பிரதியை அவர் அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். மத்தியானத்தில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அதை எடுத்துப் பார்ப்பார். அடித்த கோட்டுக்குக் கீழே அந்தப் பெயர் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அந்தப் பெயர்க்காரன் ஒரு கோளைக் கண்டுபிடித்தவன். சகலை கண்ணை மூடிக்கொண்டு நம்பின ஆள். தோண்டி எடுத்த இரண்டு இரவையும் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து, "இந்தா தம்பி, உன் கோள் உயிரோட இருக்கு" என்று கொடுத்திருப்பான். இரண்டு வாரம் போர்வைகளுக்கு நடுவில் அவன் உயிரோடுதான் இருந்தான். அவனைப் பார்த்துத்தான் இப்போது அவருக்கு வயிறு எரிகிறது.